கடையில் ஒரு வாசனை, கையில் ஒரு வாசனை!

கேள்வி: எனக்கு வயது 36. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். பக்கத்து சீட்டில் இருக்கும் அக்கா போடும் பெர்ஃப்யூம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெயரைக் கேட்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதே பாட்டிலை வாங்கினேன். கடையில் காகிதத்தில் அடித்துக் காட்டியபோது ஒரு மாதிரி இருந்தது, வீட்டில் போட்டால் வேறு மாதிரி இருக்கிறது. அந்த அக்கா மேல் வருகிற வாசனை எனக்கு ஒரு நாளும் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் காணாமலும் போய்விடுகிறது. ஆனால் சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்தால், "இன்னும் சென்ட் வாசனை தூக்குதே" என்கிறார் என் கணவர். யாரை நம்புவது? தை மாதம் நாத்தனாருக்குக் கல்யாணம். அதற்காவது நாலைந்தை ஒப்பிட்டுப் பார்த்துச் சரியாக வாங்க வேண்டும். எப்படிப் பார்ப்பது?
— வாசகி, திருச்சி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரை நம்புங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டுமாவது.

தொடர்ந்து ஒரே வாசனைக்குள் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். மீன் கடைக்காரருக்கு மீன் வாடை தெரியாதது மாதிரிதான் இதுவும். கழுத்தில் அடித்துக்கொண்டால் வாசனை நாள் முழுக்க மூக்குக்கு நேர் கீழேயே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு அது மறைந்துவிடும், எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு மறையாது. இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய பெர்ஃப்யூம்களின் அடியில் இருப்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் செய்த கஸ்தூரி வகை வாசனைகள். அவற்றில் சில, சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது. அது நோய் இல்லை, பிறவியிலேயே அப்படி. மேலே இருக்கும் பூவும் பழமும் பறந்துபோனதும், மிச்சம் இருப்பது உங்களுக்கு வெறும் காற்றாகத் தெரியலாம். ஆகவே "நிற்கவில்லையே" என்று மேலும் நாலு தடவை அடித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து சீட்டு அக்கா பாவம்.

அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அவர் காலையில் குளித்துவிட்டு வீட்டிலேயே போட்டிருப்பார். அதை நீங்கள் மோந்து பார்ப்பது பத்தரை, பதினொன்றுக்கு. கடையில் உங்களுக்குக் காட்டியது அடித்த முதல் நிமிடத்து வாசனை. பாட்டில் ஒன்றுதான், வேளை வேறு. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் மாதிரியான தோல் எண்ணெய்கள் சீக்கிரம் ஆவியாகிறவை, கால் மணி, அரை மணிக்குள் கிளம்பிவிடும். பிறகு பூக்கள் வரும், சில மணி நேரம் இருக்கும். கடைசியில் மரம், பிசின், வெனிலா, கஸ்தூரி. இவைதான் மறுநாள் காலை வரை துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரர்கள் விற்பது முதல் அரை மணி நேரத்தை, நாம் குடித்தனம் நடத்த வேண்டியது மீதி ஏழு மணி நேரத்தோடு. இது தவிர அந்த அக்காவின் தலை எண்ணெய், முகத்துக்குப் போடும் கிரீம், துணி துவைக்கும் பவுடர் எல்லாம் சேர்ந்துதான் அந்த வாசனை. அதைக் கடையில் கேட்டால் கிடைக்காது.

இன்னொன்றையும் பாருங்கள்: பெயர் ஒன்றாக இருந்தாலும் பாட்டில் ஒன்றா? ஓ தெ டாய்லெட், ஓ தெ பர்ஃபம் என்று பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும். முன்னதில் வாசனைச் சரக்கு குறைவு, பின்னதில் அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பல சமயம் இரண்டின் செய்முறையே வேறாக இருக்கும். சனெல் நம்பர் 5-ஐ 1921-ல் உருவாக்கியவர் எர்னஸ்ட் போ. இன்று அதே பெயரில் விற்கும் ஓ தெ பர்ஃபம், ஜாக் போல்ஜ் 1986-ல் செய்தது. இரண்டையும் ஆளுக்கொரு கையில் போட்டுப் பார்த்தால் அக்கா தங்கை என்று தெரியும், ஒரே ஆள் என்று சொல்ல முடியாது.

நான் போட்டுப் பார்த்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். இவை என் மூக்கின் அபிப்பிராயங்கள், உங்களுடையது ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. நம்பர் 5 முதலில் எனக்கு நல்ல சோப்பும், இஸ்திரி போட்ட பருத்தித் துணியும். ஆல்டிஹைட் என்ற செயற்கைப் பொருள்களின் வேலை அது. மரியாதையான வாசனை, ஆனால் எனக்கு அதோடு நெருக்கம் வரவில்லை. கெர்லான் நிறுவனத்தின் ஷாலிமார் 1925-ல் வந்தது. எலுமிச்சைச் சாதி வாசனையோடு துள்ளிக்கொண்டு ஆரம்பித்து, அரை மணியில் வெனிலாவும் புகையும் பதனிட்ட தோலுமாக இறங்கிவிடும். ஊட்டியில் போட்டபோது இதைவிட நல்லது உலகத்தில் இல்லை என்று தோன்றியது. அதையே சித்திரை வெயிலில் சென்னையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், பாயசத்துக்குள் விழுந்த மாதிரி மூச்சு முட்டுகிறது. உடம்புச் சூட்டில் வாசனை சட்டென்று கிளம்பி குப்பென்று அடிக்கும், அதில் இனிப்புதான் முதலில் தொந்தரவு தரும். பாரிஸ் குளிருக்குச் செய்ததை திருச்சி வெயிலில் போட்டால் குற்றம் பாட்டில் மேல் இல்லை.

நம் ஊர் வெயிலுக்கு எனக்கு ஒத்துவந்தது வெட்டிவேர். கெர்லானின் வெட்டிவேர் 1959-ல் வந்தது, புகையிலையும் எலுமிச்சையும் சேர்ந்த உலர்ந்த வாசனை. ஜான் குளோத் எலெனா 2006-ல் எர்மேஸ் நிறுவனத்துக்காகச் செய்த 'தேர் தெர்மேஸ்' ஆரஞ்சுத் தோலில் தொடங்கி, காய்ந்த மண்ணும் கல்லுமாக வெட்டிவேரில் போய் முடியும். இரண்டும் ஆண்களுக்கு என்று விற்கப்படுபவை. கண்டுகொள்ளாதீர்கள். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து வளர்ந்த வீட்டுப் பெண்களுக்கு அது யாருடையது என்று கடைக்காரர் சொல்லத் தேவையில்லை.

மல்லிகை கேட்பீர்கள். நம் பக்கத்து மல்லியும் பிச்சியும் கரைப்பான் வைத்துப் பிழியப்பட்டு பிரான்ஸ் வரை போகின்றன. ஆயிரம் கிலோ பூவுக்கு, வாசனை அடங்கிய மெழுகு மூன்று கிலோ தேறினாலே பெரிது. ஆனால் பாட்டிலில் இருக்கும் மல்லிகை பெரும்பாலும் குளித்துத் தலை வாரிய மல்லிகை. ராத்திரி விரிந்த பூவில் இண்டோல் என்ற பொருள் கொண்டுவரும் அந்த லேசான அழுகல் வாடையை அதில் குறைத்துவிடுவார்கள். எனக்கு அந்த வாடை இல்லாமல் மல்லி மல்லியாகத் தெரிவதில்லை. ஆகவே தலையில் பூ வைக்கிற நாளில் மல்லிகை பெர்ஃப்யூம் வேண்டாம், அசலும் நகலும் சண்டை போடும்.

சரி, ஒப்பிடும் முறை. ஒரு நாளைக்கு இரண்டு போதும். இடது முழங்கை மடிப்பில் ஒன்று, வலது முழங்கை மடிப்பில் இன்னொன்று. மணிக்கட்டு வேண்டாம், கை கழுவும்போதெல்லாம் போய்விடும். கடையில் நின்று முடிவு செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள். அரை மணி கழித்து ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை மோந்து பாருங்கள். நடுவில் சும்மா சும்மா முகராதீர்கள். கடையில் நீட்டும் காபிக்கொட்டைக் கிண்ணம் வெறும் சடங்கு, வெளியே போய்க் காற்று வாங்குவது அதற்குக் குறைந்ததில்லை. இரண்டு மில்லி சின்னக் குப்பிகளாகக் கிடைத்தால் அதை வாங்கி ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய பாட்டிலுக்குப் போகலாம். தோல் வறண்டிருந்தால் வாசனை சீக்கிரம் போகும். வாசனையில்லாத கிரீம் கொஞ்சம் தடவி அதன் மேல் போடுங்கள். கணவரையும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்தக் கையில் எது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

கல்யாணத்துக்கு என் யோசனை வேறு. மண்டபத்தில் ஹோமப் புகை, சந்தனம், பன்னீர், ஆயிரம் முழம் மல்லி, சாம்பார். இதில் எந்த பெர்ஃப்யூமும் ஜெயிக்காது. காசைச் சேமித்து ஒரு அத்தர் வாங்குங்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செம்புப் பானையில் பூவை வேகவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கும் வேலை இன்னும் நடக்கிறது. சுட்ட மண்ணிலிருந்து இறக்கும் 'மிட்டி' அத்தரும் உண்டு, முதல் மழை வாசனை. ஆனால் சந்தன எண்ணெய் விலை ஏறியதால் இப்போது பலர் மலிவான எண்ணெயில் இறக்குகிறார்கள், எதில் இறக்கியது என்று கேட்டு வாங்குங்கள். அத்தரில் ஆல்கஹால் இல்லாததால் எட்ட நிற்பவருக்கு வீசாது. கட்டிப்பிடிக்க வருகிற சொந்தக்காரர்களுக்கு மட்டும் தெரியும். காதுக்குப் பின்னால் ஒரு துளி போதும். அத்தரோ சென்ட்டோ, பட்டுப் புடவை மேல் மட்டும் போடாதீர்கள், கறை போகாது. புடவை கட்டுவதற்கு முன்பே போட்டு, காய விட்டு, அப்புறம் கட்டுங்கள்.