சைக்கடெலிக் ஃபோக் ராக்னா என்ன? அதுக்கு ஏன் சிட் பாரெட்டை உதாரணமா சொல்றாங்க?

கிட்டாரை வச்சு நாட்டுப்பாட்டு மாதிரி எளிமையா பாடுறது, ஆனா வரிகளும் ஒலியும் கனவுக்குள்ள கேக்குற மாதிரி இருக்கும், அவ்ளோதான். பிங்க் ஃப்ளாய்டுங்கிற இங்கிலாந்து ராக் பேண்டை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான கேம்பிரிட்ஜ்காரர் சிட் பாரெட் 1968ல பேண்டை விட்டு வெளிய வந்தாரு, 1970ல ரெண்டு தனி ஆல்பம் வந்துச்சு. அதுல தாளம் திடீர்னு நீளும், சுருங்கும், ஏன்னா அவருக்கு வரி எவ்ளோ நீளமோ தாளமும் அவ்ளோதான், தாலாட்டு பாடுற பாட்டி மூச்சுக்கும் மனசுக்கும் ஏத்தபடி இழுப்பாங்கல்ல அதே மாதிரி, கூட வாசிச்சவங்கதான் பாவம் பின்னாடியே ஓடணும். எனக்கு அதுல இருக்குற அந்த உயிர்தான் ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், அவர் இளவயசுலயே இறந்துட்டாருனு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்ல, இசையை விட்டுட்டு கேம்பிரிட்ஜ்ல ஓவியம் வரைஞ்சுட்டு தோட்டம் பாத்துட்டு அமைதியா இருந்தாரு, 2006ல 60 வயசுலதான் இறந்தாரு.