வாடகை வீட்டில் மாடல் ரயில் பாதை அமைக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? டிசிசி (எஞ்சின்களைத் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் கன்ட்ரோல்) இப்போதே வேண்டுமா?

தாராளமாக முடியும். நானும் வாடகை வீட்டுக்காரன்தான். ஆனால் அறையை அளப்பதற்கு முன்னால் பரணையும் பீரோவின் மேல்தட்டையும் அளந்துவிடுங்கள். ரயில் ஓடும் நேரத்தைவிடப் பாதை பதித்த பலகைகள் அங்கே கிடக்கும் நேரம்தான் அதிகம். வீடு மாறினால் படியில் தூக்கி இறக்க வேண்டியதும் அவற்றைத்தான்.

அடுத்தது ஸ்கேல், அதாவது அசலை எத்தனை மடங்கு சுருக்குவது என்ற அளவு. நம் ஐசிஎஃப் பெட்டி சுமார் 21.3 மீட்டர் நீளம். எச்ஓ ஸ்கேலில் (1:87) அது 24.5 செ.மீ., ‘N’ ஸ்கேலில் (1:160) 13.3 செ.மீ. எட்டுப் பெட்டி கோத்தால் எச்ஓவில் எஞ்சின் இல்லாமலே 2 மீட்டரை நெருங்கிவிடும். எச்ஓவில் 18 அங்குல ஆரமே நெருக்கமான வளைவு, அது திரும்பவே மூன்றே கால் அடி அகலமாவது வேண்டும். அதனால் சின்ன வீட்டுக்கு ‘N’ ஸ்கேல்தான் என்பேன். நம்மூர் வண்டிகள் அதில் எளிதாகக் கிடைக்காது, ஜப்பான் வண்டிகளோடு சமாதானமாகிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்குத் தோதான முறை டி-ட்ராக். ஜப்பானில் மேஜை மேல் ஓடும் ரயில்களைப் பார்த்த லீ மோனாகோ-ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற ஆர்வலர், 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரப்பியது. ஜப்பானின் காட்டோ நிறுவனம் செய்யும் யூனிட்ராக் தண்டவாளம் பதித்த சின்னச் சின்ன மரப்பெட்டிகள். போல்ட் கிடையாது, கிளாம்ப் கிடையாது. தண்டவாளத்தின் முனையிலுள்ள யூனிஜாயினர் என்ற இணைப்பியே பெட்டிகளைக் கவ்விக்கொள்ளும். மேஜை கோணலாக இருந்தால் அடியில் உள்ள திருகுகளைத் திருகிச் சமன் செய்யலாம்.

இந்த முறையின் சூட்சுமம் 2 மில்லிமீட்டரில் இருக்கிறது. நேர்ப்பெட்டியின் தண்டவாளம் 310 மி.மீ. (248, 62 மி.மீ. துண்டுகளைச் சேர்த்தால் வரும்), மரம் 308 மி.மீ. இரண்டு பக்கமும் தண்டவாளம் 1 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மரம் மரத்தோடு இடிக்காது, தண்டவாளம்தான் தண்டவாளத்தைத் தொடும். ஐப்பசி மழையில் ப்ளைவுட் லேசாக ஊதினாலும் இணைப்பு பிசகாது. ஆசாரியிடம் ‘ஒரு அடி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். 310 என்று முழுசாக வெட்டிவிட்டால் அந்த இடைவெளி போச்சு. இரட்டைப் பாதை போட்டால், ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையத்துக்கு 33 மி.மீ. இதிலும் சலுகை இல்லை.

மூலைப்பெட்டி ஏறக்குறைய 365 மி.மீ. சதுரம். நாலு மூலை, நீளவாக்கில் பக்கத்துக்கு மூன்று நேர்ப்பெட்டி என்றால் சுமார் 166 செ.மீ. நீளம், 73 செ.மீ. அகலம். ஆறடிக்கு இரண்டரை அடி மேஜையில் அடங்கிவிடும்.

மேம்பாலம் கட்ட ஆசை வரும். 5 செ.மீ. ஏற வேண்டுமென்றால் 2 சதவீதச் சரிவில் இரண்டரை மீட்டர் பாதை தேவை. முதல் லேஅவுட்டில் வேண்டாம்.

மலைக்கு தெர்மாகோல் போதும். வெள்ளை ஃபெவிகால் மட்டும் தடவுங்கள். கரைப்பான் கலந்த பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலை அரித்துத் தின்றுவிடும். அலங்காரத்துக்கு முன்னால் எல்லாப் பெட்டிகளையும் கோத்து, இரண்டு திசையிலும் ரயிலை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, டிசிசி இப்போதே வேண்டுமா என்ற கேள்வி. பாதைக்கு ஒரு வண்டி என்றால் சாதாரண டிசி கன்ட்ரோலரே போதும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட ஆசை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.