சிபிலிஸ் இருந்தால் ஹெப்படைட்டிஸ் சியும் இருக்குமா?

சகோதரி, கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் களுவாஞ்சிக்குடி கிளினிக்கில், உடலுறவால் பரவும் நோயான சிபிலிஸ் இருப்பதாகச் சொன்னதால், ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சியும் தொற்றியிருக்குமோ என்று அஞ்சுகிறீர்கள். முதலில், பென்சிலின் ஊசியை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைக்கு உடனடி ஆபத்து சிபிலிஸினால்தான். ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் பெரும்பாலும் இரத்தத்தின் வழியாகவே பரவுகிறது. உடலுறவால் தொற்றுவது அரிது என்றாலும் பாலுறுப்பில் புண்ணோ எச்.ஐ.வியோ இருந்தால் வாய்ப்புக் கூடும் என்பதாலும், கர்ப்பிணிகளுக்கான வழமையான இரத்தப் பரிசோதனையில் ஹெப்படைட்டிஸ் சி சோதனை அடங்காது என்பதாலும், மட்டக்களப்பிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் அந்தச் சோதனையைத் தனியாகக் கேளுங்கள். எதிர்ப்புடல் பொசிட்டிவ் என்று வந்தாலும் அது குணமாகிவிட்ட பழைய தொற்றின் தடமாக இருக்கலாம்; வைரஸ் இப்போதும் உடலில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆர்.என்.ஏ சோதனையே உறுதிப்படுத்தும். உறுதியானாலும் 100 தாய்மாரில் சுமார் 5 பேரின் குழந்தைக்கே அது கடத்தப்படுகிறது. பிரசவத்தின் பின் 8 முதல் 12 வாரம் மாத்திரை எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசியாதவரை தாராளமாகப் பால் கொடுக்கலாம்.