கேட்டவன் நின்னுட்டான், கேக்காதவன் பறக்க விட்டுட்டான்

அண்ணா வணக்கம்,

வானத்துல துகள் தூவி சூரிய ஒளிய மட்டுப்படுத்தி பூமிய குளிர வைக்கற டெக்னாலஜி பத்தி நீங்க எழுதினதுல, "இது பிசிக்ஸ் கேள்வியா இருக்கறத விட யார் முடிவெடுக்கறதுங்கற கேள்வியாதான் ஜாஸ்தி இருக்கு"ன்னு ஒரு வரி வந்துச்சு. அது உறுத்திட்டே இருக்கு. நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம். ஹார்வர்டு ஆளுங்க ஸ்வீடன்ல ஒரே ஒரு பலூன் விடறதுக்கு கமிட்டி போட்டாங்க, டாக்குமென்ட் எல்லாம் வெளிப்படையா போட்டாங்க, கடைசில ஒண்ணும் பண்ண முடியாம 2024ல கடையவே மூடிட்டாங்க. மேக் சன்செட்ஸ்னு ஒரு ஸ்டார்ட்அப், எவனையும் கேக்காம மெக்சிகோல பலூன்ல சல்ஃபர் டையாக்சைடு நிரப்பி விட்டுட்டு வந்துட்டான். யார் முடிவெடுக்கறதுன்னு கேள்வி கேக்கறேன்னு நல்லவன கட்டிப்போட்டு பொறுப்பில்லாதவன அவுத்து விடறதுதான் சோஷியல் சயன்ஸ் ரிசர்ச்சா? காத்துல இருக்கற கார்பன் டையாக்சைட உறிஞ்சி எடுக்கற கார்பன் ரிமூவலுக்கும் இதே கதிதானா? இந்த ஃபீல்டுல பிஎச்.டி. பண்ணலாமான்னு வேற யோசிச்சிட்டு இருக்கேன், அதான் கோவமா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

உங்க வாசகன்,
ஈரோடு

வணக்கம் தம்பி,

தப்பா எடுத்துக்க ஒண்ணும் இல்ல. நீங்க சொன்ன ரெண்டு சம்பவமும் நடந்ததுதான். ஆனா ஹார்வர்டு "கேட்டாங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, யார கேட்டாங்க, எப்போ கேட்டாங்கன்னு பாத்தீங்களா?

அந்த ப்ராஜெக்ட் பேரு ஸ்கோபெக்ஸ். 2021 ஜூன்ல ஸ்வீடனோட வடகோடில கிருணா பக்கத்துல இருக்கற எஸ்ரேஞ்ச் ஏவுதளத்துல இருந்து பலூன் மேல போகணும்னு பிளான். முதல் தடவ பொடி எதுவும் தூவறதா கூட இல்ல, கருவி வேலை செய்யுதான்னு மட்டும் பாக்கறது. அதுக்கப்புறம் 20 கிலோமீட்டர் உயரத்துல கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் பொடி, ரெண்டு கிலோவுக்குள்ள தூவி பாக்கறது. பிசிக்ஸ் படிக்கறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அந்த அளவு ஒண்ணுமே இல்ல. ஆனா கிருணா, சாமின்னு ஒரு இனத்து மக்களோட மண்ணு, நார்வே ஸ்வீடன் பின்லாந்து ரஷ்யான்னு நாலு நாட்டுல பரவியிருக்கற பூர்வகுடி, ரெயின்டீர் மேய்க்கறவங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஹார்வர்டு போட்ட ஆலோசனை கமிட்டில இருந்தவங்க பெரும்பாலும் அமெரிக்காக்காரங்க. 2021 பிப்ரவரில சாமி கவுன்சில், ஸ்வீடனோட சுற்றுச்சூழல் அமைப்புகளோட சேந்து லெட்டர் போட்டாங்க, மார்ச் கடைசில அந்த கமிட்டியே "இப்போதைக்கு நிறுத்துங்க, மொதல்ல அங்க உள்ளவங்களோட பேசுங்க"ன்னு சொல்லிடுச்சு. எல்லாம் முடிவு பண்ணி தேதி குறிச்சதுக்கு அப்புறம் அனுமதி கேக்கறது கேக்கறதுல சேத்தியா தம்பி? கல்யாண பத்திரிகை அடிச்சிட்டு பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கற மாதிரி இல்ல?

இன்னொண்ணும் கவனிங்க, அந்த லெட்டர்ல சுண்ணாம்புப் பொடி எங்க மானுக்கு விஷம்னு அவங்க வாதம் பண்ணல. இது எங்க கொண்டு போய் விடும்ங்கறதுதான் அவங்க வாதம். ஒரு தடவ ஆரம்பிச்சா வருஷக்கணக்கா நிறுத்த முடியாது, நிறுத்துனா அமுக்கி வச்சிருந்த சூடு சட்டுனு ஏறும், இத காட்டி புகைய குறைக்கற வேலைய தள்ளிப்போடுவாங்க, இதெல்லாம். ரெண்டு கிலோதானேன்னு பதில் சொன்னா அவங்க கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்ல.

இத முன்னாடியே ஒருத்தர் கண்டுபிடிச்சு எழுதியும் வச்சிருந்தாங்க, அதுதான் உங்க கேள்விக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான பதில். இங்கிலாந்துல 2011ல ஸ்பைஸ்னு ஒரு ப்ராஜெக்ட் இருந்துச்சு. நார்ஃபோக்ல ஒரு பழைய ஏர்ஃபீல்டுல இருந்து ஹீலியம் பலூன் கட்டி, ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு குழாய் போட்டு, வெறும் தண்ணி பீச்சி பாக்கற டெஸ்ட். கார்டிஃப் யுனிவர்சிட்டி சோஷியல் சயின்டிஸ்ட்டுங்க சாதாரண ஜனங்கள கூட்டி வச்சு நிதானமா பேச வச்சாங்க, சர்வே ஃபார்ம்ல டிக் அடிக்கற வேலை இல்ல, விஷயத்த விளக்கி கேள்வி கேக்க விட்டு பேசறது. வந்த முடிவு என்னன்னா, தண்ணி டெஸ்ட்ட பெரும்பாலும் எல்லாருமே சரி பாருங்கன்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா ஸ்ட்ராட்டோஸ்பியர்ல, அதாவது மேகத்துக்கெல்லாம் மேல இருக்கற காத்து மண்டலத்துல, துகள் தூவி பூமிய குளிர வைக்கற யோசனைய முழு மனசா ஏத்துக்கிட்டவங்க ரொம்ப கம்மி. அதாவது ஜனங்க டெஸ்ட்டயும் டெஸ்ட்டுக்கு பின்னாடி இருக்கற திட்டத்தயும் தனித்தனியாத்தான் பாக்கறாங்க. இது 2013ல ஜர்னல்லயே வந்தாச்சு. எட்டு வருஷம் கழிச்சு கிருணால வெடிச்சதும் இதேதான். அந்த ஸ்பைஸ் டெஸ்ட்டும் நடக்கல, டீம்ல சம்பந்தப்பட்டவங்க ஒரு பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சிருந்தது தெரிய வந்துச்சு, இதுக்கெல்லாம் சரியான விதிமுறையே இல்லன்னும் சேத்து சொல்லி 2012ல தலைமை விஞ்ஞானியே வேணாம்னு நிறுத்திட்டார். எனக்கு அவர் மேல மரியாதை உண்டு.

சரி, மேக் சன்செட்ஸ். 2022ல பாஹா கலிஃபோர்னியால விட்டது சில கிராம், அத வச்சு, பூமிய இவ்ளோ குளிர வச்சோம்னு கணக்கு காட்டி "கூலிங் கிரெடிட்"னு விக்க வேற ஆரம்பிச்சாங்க, கூத்து. ஆனா தப்பிச்சு போயிட்டாங்கன்னு நீங்க சொல்றது முழுசா சரியில்ல. 2023 ஜனவரில மெக்சிகோ அரசு, எங்களுக்கு தகவலும் இல்ல சம்மதமும் இல்லன்னு சொல்லி, இனி இந்த மாதிரி சோதனையே எங்க நாட்டுல கூடாதுன்னு அறிவிச்சுது. அதாவது கேக்காம போனவனால கேட்டுட்டு வர்றவனுக்கும் கதவு சாத்தியாச்சு. அமெரிக்கால டென்னசி 2024லயும் ஃப்ளோரிடா 2025லயும் தடைச் சட்டமே போட்டுட்டாங்க, அதுக்கு பின்னாடி விமானப் புகைல விஷம் கலக்கறாங்கங்கற வதந்திக்கும் பங்கு உண்டு. நம்பிக்கை போச்சுன்னா அந்த எடத்துல வதந்திதான் வந்து உக்காரும்.

உலக அளவுல பாத்தா நெலம இன்னும் மோசம். 2010 நகோயா மாநாட்டுல பல்லுயிர் ஒப்பந்த நாடுகள் இந்த மாதிரி வேலை இப்போதைக்கு வேணாம்னு ஒரு தீர்மானம் போட்டாங்க, அது கட்டாயம் இல்ல, அமெரிக்கா அந்த ஒப்பந்தத்துலயே இல்ல. 2013ல, கடல்ல கழிவு கொட்டறத தடுக்கற லண்டன் புரோட்டோகால்ங்கற ஒப்பந்தத்துல இது சம்பந்தமா ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, போதுமான நாடுங்க ஏத்துக்காததால அமலுக்கே வரல. நைரோபில ஐநா சுற்றுச்சூழல் அவைல ஸ்விட்சர்லாந்து 2019ல ஒரு தடவ, 2024ல ஒரு தடவ இத பத்தி தீர்மானம் கொண்டு வந்து ரெண்டும் படுத்துடுச்சு. ரெண்டாவது தடவ ஆப்பிரிக்க நாடுங்க, இத பயன்படுத்தவே கூடாதுங்கற வாசகம் வேணும்னு நின்னாங்க. ஏன் நிக்க மாட்டாங்க? வட அரைக்கோளத்துல மட்டும் துகள் தூவினா ஆப்பிரிக்கால சஹாராவுக்கு தெக்க இருக்கற சாஹேல் பகுதில வறட்சி வரும்னு 2013லயே ஒரு மாடலிங் பேப்பர் வந்துச்சு. செலவோ, ஆரம்ப வருஷங்கள்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு பில்லியன் டாலர்தான் ஆகும்னு 2018ல ஒரு கணக்கு, ஒரு நடுத்தர நாடே தனியா செஞ்சிடலாம். பிலிப்பைன்ஸ்ல பினாட்டுபோ எரிமலை 1991ல வெடிச்சப்ப பூமி அரை டிகிரி குளிர்ந்துச்சுன்னு எல்லா பேப்பர்லயும் முதல் பாராவுல வரும், ஆனா எரிமலைக்கு யாரும் ஓட்டு போடல, மழை பொய்ச்சா அத கோர்ட்டுக்கும் இழுக்க முடியாது. மனுஷன் தூவினான்னா அடுத்த வருஷம் மழை தவறின ஒவ்வொரு நாடும் அவனத்தான் பாக்கும், அவனால வந்ததோ இல்லையோ. இது பிசிக்ஸ்ல தீர்ற வழக்கா?

இந்தியாவுக்கும் இதுல ஒரு பழைய கணக்கு இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு அதிகம் தெரியாது. 2009 ஜனவரில இந்தியாவும் ஜெர்மனியும் சேந்து லோஹாஃபெக்ஸ்னு ஒரு சோதனை, கடல்ல இரும்பு போட்டு பாசிய வளர்த்தா அது கார்பன இழுத்துக்கிட்டு கீழ போகுமான்னு பாக்கறது, கோவால இருக்கற தேசிய கடலியல் நிறுவனம், அந்தப் பக்கம் ஆல்ஃபிரட் வெக்னர் நிறுவனம். போலார்ஸ்டெர்ன் கப்பல் கேப் டவுன்ல இருந்து தென் கடலுக்கு கெளம்பியாச்சு, அப்புறம்தான் பெர்லின்ல ரகளை. அதுக்கு முந்தின வருஷம் பல்லுயிர் ஒப்பந்தத்தோட பான் மாநாட்டுல, கடற்கரையோரம் சின்ன அளவுல ஆராய்ச்சி தவிர கடல்ல இரும்பு போடக்கூடாதுன்னு ஒரு முடிவு எடுத்திருந்தாங்க, அத காட்டி ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுத்துன்னுது, ஆராய்ச்சி அமைச்சகம் வெளியாளுங்கள வச்சு மதிப்பீடு வாங்கிட்டு போங்கன்னுது. கப்பல் நடுக்கடல்ல, ரெண்டு அமைச்சகம் கரைல. கடைசில 300 சதுர கிலோமீட்டர்ல இரும்ப போட்டாங்க, பாசி பெருகுச்சு, ஆனா அந்தத் தண்ணில சிலிக்கா கம்மி, சிலிக்கா ஓடு கட்டற டயாட்டம்ங்கற பாசி வளரல, வளர்ந்த பாசிய குட்டி உயிரிங்க தின்னு தீத்துடுச்சு, கார்பன் கீழ போனது ரொம்ப கொஞ்சம். என்னைக் கேட்டா அந்த சோதனை நடந்தது நல்லதுதான், ஏன்னா கடல்ல இரும்பு போட்டு கிரெடிட் விக்கலாம்னு அலைஞ்ச கம்பெனிங்களுக்கு அந்த முடிவு ஒரு அடி. அதனால நான் சோதனையே கூடாதுங்கற கட்சி இல்ல.

ஒரு சர்வேயும் சொல்லணும், 2024ல வந்தது, 30 நாட்டுல 30,000 பேருக்கு மேல கேட்டாங்க. பணக்கார நாடுகள விட நம்ம மாதிரி நாடுகள்ல இந்த டெக்னாலஜிகளுக்கு ஆதரவு ஜாஸ்தி. இத வச்சு "பாத்தீங்களா, ஏழை நாடுங்க வேணும்ங்குது"ன்னு சிலர் எழுதறாங்க. எனக்கு அதுல அவ்ளோ ஒப்புதல் இல்ல. வெயில்ல வெந்துட்டு இருக்கறவன்கிட்ட, அவன் அதுவரைக்கும் அதிகம் கேள்விப்படாத ஒரு விஷயத்த நாலு வரில விளக்கி இது வேணுமான்னா வேணும்னுதான் சொல்லுவான், அது தவிப்பு, சம்மதம் இல்ல.

கார்பன் ரிமூவல் கதை வேற. அங்க ஒருத்தன் செஞ்சா உலகம் பூரா மழை மாறும்ங்கற பயம் இல்ல, அங்க பிரச்சனை கணக்குல இருக்கு. உலகம் வருஷத்துக்கு விடறது சுமார் 40 பில்லியன் டன் கார்பன் டையாக்சைடு, உறிஞ்சற வேலைல 2 பில்லியன் டன்ன காடுதான் பாத்துக்குது, புது டெக்னாலஜி எல்லாம் சேத்து ஒண்ணேகால் மில்லியன் டன்ன கொஞ்சம் தாண்டுது, அவ்ளோதான். ஆனா பின்னாடி உறிஞ்சிக்கலாம்ங்கற நம்பிக்கைல இன்னைக்கு குறைக்க வேண்டியத தள்ளிப்போடற வேலை இப்பவே நடக்குது, இங்கிலாந்துல லங்காஸ்டர் யுனிவர்சிட்டில டங்கன் மெக்லாரன் மாதிரி ஆளுங்க இதத்தான் வருஷக்கணக்கா நோண்டிட்டு இருந்தாங்க. மாட்டி கார்பன்னு ஒரு அமைப்பு, இந்தியால சிறு விவசாயிங்க வயல்ல பசால்ட் கல்லுப் பொடி போட்டு கார்பன பிடிக்கறவங்க, 2025 ஏப்ரல்ல எக்ஸ்பிரைஸ்ங்கற கார்பன் ரிமூவல் போட்டில 5 கோடி டாலர் ஜெயிச்சாங்க. நல்ல விஷயம், மண்ணுக்கும் நல்லது. ஆனா திறந்த வயல்ல எவ்ளோ கார்பன் பிடிச்சுதுன்னு அளக்கறது சாமானிய வேலை இல்ல, அளந்தத யார் சரி பாக்கறது, கிரெடிட் பணத்துல வயல்காரருக்கு எவ்ளோ போகணும், நாளைக்கு பொடில எதாவது கோளாறுன்னா யார் பொறுப்பு, இந்த கேள்விக்கெல்லாம் லேப்ல விடை கிடைக்காது.

பிஎச்.டி. விஷயம். பிசிக்ஸ விடாதீங்க, பெங்களூர் ஐஐஎஸ்சில கோவிந்தசாமி பாலா 2000லயே ஜியோஇன்ஜினியரிங் (பூமியோட தட்பவெப்பத்த வேணும்னே மாத்தற வேலை) பத்தி மாடலிங் பேப்பர் போட்டவர், நம்ம ஊர்லயே பாக்க ஆள் இருக்கு. டிகிரீஸ் இனிஷியேட்டிவ்னு ஒரு அமைப்பு வளரும் நாட்டு விஞ்ஞானிகளுக்கு இதுக்குன்னே நிதி குடுக்குது, அதயும் பாருங்க. கைடுகிட்ட பேசும்போது, வடகிழக்குப் பருவமழைக்கு என்ன ஆகும்ங்கறத கேள்வியா வச்சுக்கலாமான்னு கேட்டு பாருங்க, இந்தியா பத்தின மாடலிங்ல ஜூன் டு செப்டம்பர் மழைக்கு இருக்கற கவனிப்பு நம்ம ஐப்பசி மழைக்கு இல்ல. கோ-கைடா ஒரு சமூகவியல் ஆள் கிடைச்சா விடாதீங்க.

அன்புடன்,
அண்ணன்