இரண்டு ரவுட்டரை நேராக இணைத்தும் பிங் போகவில்லையே, எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி இதுதான்: ஒருவர் இரண்டு ரவுட்டர்களை நடுவில் சுவிட்ச் எதுவும் இல்லாமல் ஒரே கேபிளால் இணைத்திருக்கிறார். இரண்டிலும் முகவரி கொடுத்தாகிவிட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு பிங் அடித்தால், அதாவது "இருக்கிறாயா?" என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பினால், பதில் இல்லை.

முதல் வேலையாக பிங் அடிப்பதை நிறுத்துங்கள். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது மாதிரிதான் அது. ஜாக் கழன்றிருந்தாலும் போகாது, சப்நெட் (முகவரிகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் கணக்கு) தப்பாக இருந்தாலும் போகாது, எதிர்முனையில் ஃபயர்வால் தடுத்தாலும் போகாது. மூன்றுக்கும் திரையில் வருவது ஒரே வரிசைப் புள்ளிகள்தான். கீழேயிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து, கடைசியில் பிங் அடியுங்கள். இந்தப் புத்தி எனக்கு ஒரு ராத்திரி முழுக்க அடிபட்ட பிறகுதான் வந்தது.

ஒரு ஜவுளிக் கடை. கீழ்த்தளத்தில் ஒரு ரவுட்டர், நாலாவது மாடி அலுவலகத்தில் இன்னொன்று. நடுவில் சுமார் 60 மீட்டர் கேட் 6 கேபிள், கடைக்காரர் ஏற்கெனவே ஆள் வைத்து இழுத்திருந்தார். 100 மீட்டருக்குள்தானே, தூரம் பிரச்சினையில்லை. கடை மூடிய பிறகு நான் கீழே, கூட வேலை பார்க்கும் தம்பி மேலே, நடுவில் போன். இரண்டு பக்கமும் செருகினோம். போர்ட் லைட் எரியவில்லை. எப்போதாவது ஒரு மினுக், அவ்வளவுதான்.

கேபிளைச் சோதித்துவிடலாம் என்று கீழ்முனையைக் கழற்றி என் பழைய லேப்டாப்பில் செருகினேன். உடனே பச்சை விளக்கு! மேல் ரவுட்டரோடு ஜம்மென்று பேசியது. "கேபிள் ஓகே தம்பி, ரவுட்டர்தான் தகராறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒன்றரை மணி நேரம் விலை கொடுத்தோம். போர்ட்டை மாற்றினோம், கான்ஃபிகரேஷனை அழித்து முதலிலிருந்து அடித்தோம், வண்டியிலிருந்த உபரி ரவுட்டரைக் கொண்டுவந்து வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மறுபடி லேப்டாப்பைச் செருகியபோதுதான் வேகம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தேன். 100 எம்பி, அதாவது நொடிக்கு 100 மெகாபிட். அந்த லேப்டாப்பின் போர்ட்டே அவ்வளவுதான். 100 எம்பிக்கு எட்டுக் கம்பியில் 1, 2, 3, 6 ஆகிய நாலு போதும். ரவுட்டர்கள் இரண்டுமோ ஜிகாபிட், அதாவது 1000 எம்பி. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: "நீ எவ்வளவு வேகம் ஓடுவாய்?" என்று இரண்டு போர்ட்டும் பேசிக்கொள்கிற அந்த ஆரம்பப் பேச்சு நல்லபடியாக இருக்கும் கம்பிகளிலேயே நடந்துவிடும். "சரி, இருவரும் 1000" என்று ஒப்பந்தமும் ஆகிவிடும். அப்புறம் நாலு ஜோடியிலும் ஓடப் பார்த்தால் ஒரு ஜோடி இல்லை. விழும், எழும், மறுபடி அதே பேச்சு. சில கருவிகள் தாமாகவே 100க்கு இறங்கிக்கொள்ளும், இவை இறங்கவில்லை.

டெஸ்டரை மாட்டினேன். விளக்குகள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எரிந்து வந்து ஏழாவதில் மட்டும் இருட்டு. மேல்முனை ஜாக்கின் முகப்பை டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். "அண்ணே, எட்டுல ஏழு செம்புப் புள்ளிதான் மின்னுது. வெள்ளை-பழுப்பு கம்பி உள்ளேயே நின்னுடுச்சு." கிரிம்ப் பண்ணியவர் (ஜாக்கை அழுத்திப் பொருத்தியவர்) அந்த ஒரு கம்பியை முனை வரை தள்ளவில்லை. வெட்டிவிட்டுப் புது ஜாக் போட மூன்று நிமிடம். ஜாக் கையில் இல்லாத நேரமென்றால், இரண்டு முனையிலும் 100ஐ மட்டும் அறிவிக்கும்படி வைத்து அப்போதைக்கு ஓட்டலாம். ஒரு முனையில் மட்டும் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது) என்று கட்டிப்போட்டுவிட்டு மறுமுனையை ஆட்டோவில் விட்டுவிடாதீர்கள். ஆட்டோ முனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் செய்வது) போய்விடும். அப்போது பிங் போகும், ஃபைல் நகலெடுத்தால் நத்தையாக ஊரும். மொத்தமாகப் போகாததைவிட இது மோசம், ஏனென்றால் நெட்வொர்க்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

லைட் வந்துவிட்டது, பிங் வரவில்லை. ஆம், அதே ராத்திரியில்தான். இந்த முறை தப்பு முகவரியில். இரண்டே கருவிகள் என்பதால் /30 கொடுத்திருந்தோம். /30 என்றால் நாலு நாலாக வெட்டிய துண்டு, அதில் நடு இரண்டுதான் கருவிகளுக்கு. எனக்கு 10.10.10.1. தம்பிக்கு 10.10.10.2 என்று போனில் சொன்னேன், அவன் காதில் எப்படி விழுந்ததோ, 10.10.10.5 என்று அடித்திருக்கிறான். 3 அல்லது 4 அடித்திருந்தால் எங்கள் சிஸ்கோ கம்பெனி ரவுட்டரே மறுத்திருக்கும், அவை துண்டின் ஓரங்கள். 5 அடுத்த துண்டின் முறையான முகவரி என்பதால் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. அதனால் எதிர்முனையில் இருப்பவர் "போட்டுட்டேன்" என்றால் போதாது. திரையில் இருப்பதை எண் எண்ணாக வாசிக்கச் சொல்லுங்கள், துண்டின் அளவைச் சொல்லும் சப்நெட் மாஸ்க் உட்பட.

இனி உங்கள் விஷயம். சிஸ்கோ என்றால் "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்" அடித்து இரண்டு முனையிலும் பாருங்கள். ஒரு முனையை மட்டும் பார்த்துப் பயனில்லை. "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்று இருந்தால் யாரும் "நோ ஷட்டவுன்" கொடுக்கவில்லை என்று அர்த்தம். புது சிஸ்கோ ரவுட்டரில் போர்ட்கள் மூடியே வரும், பாதிப் பேருக்கு வியாதி இங்கேயே தீர்ந்துவிடும். "டவுன், டவுன்" என்றால் கேபிள், அல்லது எதிர்முனை மூடியிருக்கிறது. பழைய 100 எம்பி போர்ட் ரவுட்டர்கள் இரண்டை நேராக இணைக்கிறீர்கள் என்றால் கிராஸ்ஓவர் கேபிள் (அனுப்பும், வாங்கும் கம்பிகள் ஒரு முனையில் இடம் மாறியது) வேண்டியிருக்கலாம். ஜிகாபிட் போர்ட்கள் அதைத் தாமே சமாளித்துக்கொள்ளும். சீரியல் கேபிளில் (பழைய வகை ரவுட்டர் இணைப்பு) "அப், டவுன்" வந்தால் தகவலைப் பொதியும் முறை ஒரு பக்கம் எச்டிஎல்சி, மறுபக்கம் பிபிபி என்று இருக்கிறதா, தாளம் கொடுக்க வேண்டிய டிசிஇ முனையில் கிளாக் ரேட் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

"அப், அப்" வந்துவிட்டதா? முகவரியைச் சரிபாருங்கள், பிறகு பிங் அடித்து, உடனே ஏஆர்பி பட்டியலைத் (எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்ற பட்டியல்) திறங்கள். எதிர்முனையின் மேக் முகவரி (போர்ட்டுக்கே உரிய எண்) அங்கே இருந்தும் பதில் வரவில்லையென்றால் கேபிளை விட்டுவிடுங்கள், யாரோ வழியில் தடுக்கிறார்கள்: ஆக்சஸ் லிஸ்ட் (எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற பட்டியல்) அல்லது ஃபயர்வால். இன்னொன்று, சிஸ்கோவில் அடிக்கும் ஐந்தில் முதலாவது மட்டும் விழுந்து "80 சதவீதம்" என்று வந்தால் பயப்படாதீர்கள். மேக் முகவரியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முதல் பாக்கெட் போய்விட்டது, வேறொன்றுமில்லை. இரண்டாவது முறை நூறு வரும்.

இது வீட்டு வைஃபை ரவுட்டர்கள் இரண்டு என்றால் கதை வேறு. பெரும்பாலும் இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருக்கும், சண்டை அதில்தான். இரண்டாவதைத் தனியாக லேப்டாப்பில் செருகி 192.168.1.2 ஆக்குங்கள், அதன் டிஎச்சிபியை (முகவரிகளைத் தானாக வழங்கும் வேலை) அணையுங்கள், பிறகு லேன் (உள்பக்க) போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்குக் கேபிள் போடுங்கள். வான் (இணையக் கேபிள் செருகும்) போர்ட்டில்தான் செருகுவேன் என்றால் டிஎச்சிபி இருக்கட்டும், ஆனால் உள்பக்க முகவரியை 192.168.2.1 என்று வேறு துண்டுக்கு மாற்றுங்கள். அப்போதும் முதல் ரவுட்டரிலிருந்து வான் பக்கத்துக்கு பிங் அடித்தால் பல வீட்டு ரவுட்டர்கள் பதில் சொல்லாது. அது பழுதல்ல, அவற்றின் சுபாவம்.

ரவுட்டர்கள் இரண்டும் பேசிக்கொள்கின்றன, பின்னால் இருக்கும் கணினிகள் மட்டும் பேசவில்லை என்று அடுத்து வந்து நிற்பீர்கள். அங்கே போக வழி சொல்லியிருப்பீர்கள், திரும்பி வர வழி சொல்லியிருக்க மாட்டீர்கள். ஸ்டேட்டிக் ரூட், அதாவது கையால் எழுதிவைக்கும் வழி, இரண்டு பக்கமும் வேண்டும்.