போஸ்ட்பெய்டு, பிராட்பேண்டைப் பாதியில் விட்டால் தண்டம் கட்டணுமா? வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

போஸ்ட்பெய்டு சிம், கம்பெனி நம்பர், வீட்டு பிராட்பேண்ட் எதையாவது பாதியில் நிறுத்தப் போனால், "அதுக்கு இவ்வளவு கட்டணும்" என்று ஒரு தொகையைச் சொல்கிறார்கள். கட்டணுமா, வேண்டாமா என்று வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமிருந்து கேட்டவர்களுக்கு இந்தப் பதில்கள். நான் தொலைபேசித் துறையில் வாடிக்கையாளர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன்: தண்டம் என்று யார் கேட்டாலும் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். "நான் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளில் இது இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர்: சார், போஸ்ட்பெய்டு எடுத்து ஏழு மாதம் ஆகிறது. பில் தாங்கவில்லை, வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று கடையில் கேட்டேன். ஒரு வருஷம் முடியணும், இல்லாவிட்டால் 1,500 ரூபாய் கட்டணும் என்கிறார்கள். உண்மையா?

நீங்கள் வெறும் சிம் மட்டும் வாங்கியிருந்தால் பெரும்பாலும் உண்மை இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் முடிந்திருந்தால் நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போகலாம். ஏழு மாதம் ஆன உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க நம்பரை அடித்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்தில் யுபிசி என்ற கோடு வரும். நம் பக்கத்தில் அது நான்கு நாள்தான் செல்லும், அதற்குள் புதுக் கம்பெனியின் கடைக்குப் போய்விடணும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். சமீபத்தில் சிம் தொலைந்து டூப்ளிகேட் வாங்கியிருந்தால் மட்டும் ஏழு நாள் பொறுக்கணும். 2024 ஜூலையிலிருந்து அப்படி ஒரு விதி.

1,500 ரூபாய் எப்போது நியாயம்? விலை குறைத்து ஒரு போனும் சேர்த்துக் கொடுத்து, இத்தனை மாதம் இருக்கணும் என்ற நிபந்தனைத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தப் பாக்கி நிற்கும்போது கோடு தராமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்படித் தாள் இருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வது விதி ஆகாது.

நாள் பார்த்து மாறுவதும் முக்கியம். வந்த பில்லைக் கட்டி, கட்டிய மெசேஜ் வந்த பிறகு 1900-க்கு அனுப்புங்கள். கெடு தாண்டிய பில் ஒன்று நின்றாலும் கோரிக்கை தள்ளுபடி ஆகும். மாறிய பிறகு மீதி நாட்களுக்குக் கடைசி பில் ஒன்று வரும். "அதான் விட்டாச்சே" என்று பலர் அதைக் கிழித்துப் போடுகிறார்கள். அது ஆபத்து. பழைய கம்பெனி எழுதிக் கொடுத்தால் புதுக் கம்பெனி உங்கள் நம்பரையே துண்டிக்க விதியில் இடம் இருக்கிறது.

அவரே மறுபடி: எஸ்எம்எஸ் அனுப்பிய அரை மணி நேரத்தில் பழைய கம்பெனியிலிருந்து போன். பாதி வாடகைக்குத் தருகிறோம், போகாதீர்கள் என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்துக் கட்டுப்படியானால் இருந்துவிடுங்கள், தப்பே இல்லை. ஆனால் அந்தச் சலுகை எஸ்எம்எஸ்ஸாகவோ மெயிலாகவோ கைக்கு வந்த பிறகு முடிவெடுங்கள். ஒரு திட்டத்தில் சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு அதன் கட்டணத்தை ஏற்றக் கூடாது என்பது டிராய் உத்தரவு. எழுத்தில் இருந்தால்தான் அதைக் காட்டிக் கேட்க முடியும். புதுக் கடையில் விண்ணப்பம் கொடுத்துவிட்ட பிறகு மனசு மாறினால், 24 மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் கேன்சல் என்று அடித்து நம்பரோடு 1900-க்கு அனுப்பணும்.

வாலாஜாவிலிருந்து ஒருவர்: ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. நம்பர் கம்பெனி பெயரில். பேங்க், ஆதார், பிஎஃப் எல்லாம் அதில்தான். அடுத்த மாதம் வேலையை விடுகிறேன். நம்பரை விடமாட்டோம், ஒப்பந்தம் முடியவில்லை, வேண்டுமானால் தண்டத்தை நீ கட்டு என்கிறது ஹெச்ஆர்.

இந்த ஒரு கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லணும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் மூன்று ஊரிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன், அதனால் நம்பரை இழந்து தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சட்டப்படி சந்தாதாரர் உங்கள் கம்பெனி, நீங்கள் இல்லை. அதனால் நீங்களாக 1900-க்கு அனுப்பினாலும், கம்பெனியின் அதிகாரக் கடிதம் இல்லாமல் காரியம் நடக்காது. அதே காரணத்தால், டெலிகாம் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தின் தண்டமும் உங்களுடையது இல்லை. நூறு இணைப்பு எடுக்கிறோம், இத்தனை மாதம் வைத்திருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். உங்கள் வேலை நியமனக் கடிதத்தில் அதை நீங்கள் ஏற்பதாக எழுதியிருந்தால் தவிர, சம்பளத்தில் பிடிக்க அவர்களுக்கு ஆதாரம் இல்லை.

சண்டைக்குப் போகாதீர்கள், கடிதம் கொடுங்கள். ராஜினாமாக் கடிதத்தோடு சேர்த்தே கொடுங்கள், ரிலீவ் ஆன பிறகு உங்களுக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள். நாலு வரி போதும்: இந்த நம்பர் என் சொந்தப் பேங்க் கணக்கோடும் ஆதாரோடும் இணைந்திருக்கிறது, இன்ன தேதியோடு பணி விலகுகிறேன், நம்பரை என் பெயருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்று கம்பெனி லெட்டர்பேடில் முத்திரையோடு தரவும், அன்று வரையிலான பில்லில் என் பங்கு ஏதும் இருந்தால் கட்டத் தயார். இந்தக் கடைசி வரியை விடாதீர்கள், ஹெச்ஆருக்கு இருக்கிற பயம் அதுதான்.

கடிதம் கிடைத்தால், அதே கம்பெனியிலேயே முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது போர்ட் கேட்டால் தள்ளுபடி ஆகும். அது முடிந்து நம்பர் உங்கள் பெயருக்கு வந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் போங்கள். அவர்கள் பிடிவாதமாக மறுத்தால், வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு சிம் வாங்கி, பேங்க், ஆதார், பிஎஃப் மூன்றிலும் நம்பரை மாற்றிவிடுங்கள். பேங்கில் மாற்றும்போது ஓடிபி பழைய நம்பருக்குத்தான் வரும், அது கையில் இருக்கும்போதே செய்துவிடணும்.

காட்பாடி, விஐடி மாணவி: எனக்கு ஊர் சித்தூர், ஆந்திரா நம்பர். இங்கே தமிழ்நாட்டுக் கம்பெனிக்கு மாறலாமா? ரீசார்ஜும் முடிந்துவிட்டது.

மாறலாம் அம்மா. 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலம் மாறவும் வழி உண்டு. வேறு தொலைபேசி வட்டம் என்பதால் மூன்றுக்குப் பதில் ஐந்து வேலை நாள் ஆகும். பேக் முடிந்திருந்தாலும் 1900-க்குப் போகும் எஸ்எம்எஸ்ஸைத் தடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டிருக்கிறது. மெயின் பேலன்ஸில் பணம் இருந்தால் செலவழித்துவிடுங்கள், புதுக் கம்பெனிக்கு அது கூட வராது.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: தம்பி, 12 மாதத்துக்கு முன்பணம் கட்டி பிராட்பேண்ட் போட்டோம். ஐந்தாம் மாதம் வீடு மாறினோம். புது வீட்டுத் தெருவில் அவர்கள் கேபிளே இல்லை. மீதிப் பணம் தரமாட்டார்களாம், பாதியில் நிறுத்துவதற்கு மேற்கொண்டு 1,000 ரூபாய் கட்டணுமாம். இது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான் அம்மா, ஆனால் அதை நிரூபிக்கிற வரிசையில் போகணும். "நிறுத்துங்கள்" என்று எழுத வேண்டாம். "புது விலாசத்துக்கு இணைப்பை மாற்றித் தாருங்கள்" என்று ஆப்பிலோ மெயிலிலோ கேளுங்கள். அந்தத் தெருவில் வசதி இல்லை என்று அவர்கள் எழுத்தில் பதில் சொல்வார்கள். உங்களிடம் இருக்கப் போகிற பலமான தாள் அதுதான். கேட்ட சேவையைத் தர முடியாதவர்கள் அவர்கள் என்று ஆகிவிடுகிறது, நீங்கள் பாதியில் ஓடினீர்கள் என்ற பேச்சு நிற்காது.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தண்டத் தொகையை உச்ச வரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதுதான் கிடைக்கும். ஏழு மாதப் பணத்தையும் வைத்துக்கொண்டு, சேவையும் தராமல், மேலே 1,000 ரூபாயும் கேட்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று அவர்களே சொல்லட்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத தண்டம் போடுவதை முறையற்ற ஒப்பந்தம் என்கிறது. ஆனால் "ஒப்பந்தமே முறையற்றது" என்று வழக்குப் போட்டால் சென்னையில் மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போகணும். "சேவைக் குறைபாடு, மீதிப் பணம் வேண்டும்" என்று கேட்டால் மாவட்ட ஆணையத்திலேயே முடியும். உங்களுக்கு இரண்டாவது வழி போதும்.

அதற்கு முன்னால் அவர்கள் வைத்த மோடம் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். கஸ்டமர் கேர் என்று சட்டை போட்ட பையன் வந்து வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவான், மூன்று மாதம் கழித்து "பெட்டி வரவில்லை" என்று பில் வரும். பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் சீரியல் நம்பர். அதைப் படம் எடுங்கள், அடாப்டரையும் பக்கத்தில் வைத்து இன்னொரு படம். சீரியல் நம்பர் எழுதிய ரசீது கொடுத்தால் மட்டும் பெட்டியைக் கொடுங்கள். ரசீது இல்லை என்றால் நேரில் அவர்கள் அலுவலகத்தில் கொடுத்து, மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

பிறகு அவர்கள் புகார் மையத்தில் சொல்லி டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்லணும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்து வையுங்கள், பல விஷயம் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. டெலிகாம் வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று அவர்கள் வாதாடினால் கவலை வேண்டாம், வரும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆம்பூரிலிருந்து ஒருவர்: தவணையில் போன் வாங்கினேன். சிம்மை மாற்றினால் தவணையும் நிற்குமா?

நிற்காது. போனுக்குக் கடன் கொடுத்தது ஃபைனான்ஸ் கம்பெனி, சிம் கொடுத்தது வேறு கம்பெனி. சிம்மைத் தாராளமாக மாற்றுங்கள், தவணையை ஒரு மாதம் கூட விடாதீர்கள்.

பாகாயத்திலிருந்து ஒரு அம்மா: என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். 24 மாத ஒப்பந்தத்தில் போன் எடுத்தாள், 10 மாதத்தில் ஊருக்கு வருகிறாள். மீதி 14 மாதமும் கட்டணும் என்கிறார்களாம்.

அங்கே சட்டம் வேறு, நம் ஊர் விதியை வைத்துப் பேச முடியாது. அங்கே 24 மாத ஒப்பந்தம் சாதாரணம், பாதியில் விட்டால் கட்டணமும் உண்டு. ஆனால் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டியதில்லை. அவள் போனிலிருந்து ஆங்கிலத்தில் இன்ஃபோ என்று அடித்து 85075-க்கு அனுப்பினால், இப்போது விட்டால் என்ன கட்டணம் என்று அவள் கம்பெனியே பதில் அனுப்பணும். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, அதே கம்பெனியில் குறைந்த திட்டத்துக்கு இறக்க முடியுமா, கூட வேலை பார்க்கிற யார் பெயருக்காவது மாற்ற முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். நம் சிஎம்சி ஆஸ்பத்திரியிலிருந்து போகிற பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்களே, புதிதாக வந்தவர்களுக்கு ஒரு இணைப்பு தேவையாகத்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் சொல்லாத விலை உயர்வுக்கு நோட்டீஸ் வந்தால், தண்டம் இல்லாமல் விலக அங்கே உரிமை உண்டு. வந்த மெயில்களைத் தேடிப் பார்க்கட்டும். போன் ஆன்லைனில் வாங்கியதாக இருந்தால் முதல் 14 நாளுக்குள் திருப்பியிருக்கலாம், அந்தக் காலம் தாண்டிவிட்டது. அடுத்து போகிறவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

காட்பாடியிலிருந்து ஒருவர்: என் மகன் அமெரிக்காவில். அங்கே என்ன நிலை?

இந்தத் தண்டத்துக்கே பேர் போன நாடு அது. 2009-இல் வெரைசான் கம்பெனி ஸ்மார்ட்போனுக்கு 350 டாலர் வரை வைத்தது, மாதத்துக்கு 10 டாலர் குறையும். 2013-இல் டி-மொபைல் வருட ஒப்பந்தத்தைக் கைவிட்ட பிறகு மற்றவர்களும் மெல்ல மாறினார்கள். இப்போது பெரும்பாலும் நிற்பது போனின் தவணைப் பாக்கிதான். அதைத் தண்டம் என்று நினைத்து வாதாடிப் பயனில்லை. புதுக் கம்பெனிகள் ஆள் பிடிக்க அந்தப் பாக்கியை ஏற்பதாகச் சலுகை தருவதுண்டு, அதை எழுத்தில் வாங்கி மாறலாம். பில்லில் தப்பு இருந்தால் எஃப்சிசி என்ற அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம், கம்பெனி 30 நாளில் பதில் சொல்லணும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்: இரண்டு வருஷத்துக்கு முன்னால் விட்ட போஸ்ட்பெய்டுக்கு 2,300 ரூபாய் கேட்டு லோக் அதாலத் நோட்டீஸ் வந்திருக்கிறது. போலீஸ் வருமா?

வராது. பில் பாக்கி சிவில் விவகாரம். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றம் பேசித் தீர்க்கிற இடம், இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஆனால் நோட்டீஸை நன்றாகப் படியுங்கள். "நிரந்தர மக்கள் நீதிமன்றம்" என்று இருந்தால் கட்டாயம் போங்கள். தொலைபேசி மாதிரிப் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில், சமரசம் ஆகாவிட்டாலும் தீர்ப்புச் சொல்ல அதற்கு அதிகாரம் இருக்கிறது. போகும்போது பில்லை இனம் பிரித்துக் கேளுங்கள்: உபயோகித்த நாட்களுக்கு எவ்வளவு, நிறுத்தச் சொன்ன பிறகு போட்ட வாடகை எவ்வளவு. முதலாவதைக் கட்டுங்கள், இரண்டாவதை மறுத்துப் பேசுங்கள். நீங்கள் ஆரம்பத்தில் கட்டிய டெபாசிட் இதில் கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டி முடித்தால் பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்காமல் எழுந்து வராதீர்கள், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பிற்பாடு தலைகாட்டினால் அது தேவைப்படும்.

தொரப்பாடியிலிருந்து ஒருவர்: அப்பா தவறிவிட்டார். அவர் போஸ்ட்பெய்டை மூட என்ன செய்யணும்?

இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, வாரிசு என்பதற்கு ஒரு ஆதாரம் எடுத்துக்கொண்டு அவர்கள் ஷோரூமுக்குப் போங்கள். இறந்த தேதிக்குப் பிறகு ஓடிய வாடகையைக் கழிக்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள், டெபாசிட்டையும் கேளுங்கள். ஆனால் அவசரப்பட்டு மூட வேண்டாம். பேங்க், எல்ஐசி, கேஸ் இணைப்பு எல்லாம் அந்த நம்பரில் இருக்கும், வாரிசு வேலைகளுக்கு வருகிற தகவலும் அதற்குத்தான் வரும். அவை முடியும்வரை உங்கள் பெயருக்கு மாற்றிக் குறைந்த ப்ரீபெய்டில் வைத்திருங்கள். மூடிய நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அதற்குள் எல்லா இடத்திலும் நம்பரை மாற்றியிருக்கணும்.