பாலைவனத்து வேட்டைச் சிலந்திகள் எப்படி வாழுகின்றன? யாழ்ப்பாணத்து மணல்மேடுகளிலும் அவை இருக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சக்கரம்போல உருளுகிற சிலந்தியைத் தேடி ரோர்ச்சும் கையுமாக மணற்காட்டுக்குப் போக வேண்டாம். அது ஆபிரிக்காவின் தென்மேற்கில், நமீப் பாலைவனத்தில் மட்டும் உள்ள இனம். அதன் உறவுக்காரச் சிலந்தி ஒருவர் உங்கட குசினிச் சுவரிலேயே இருப்பார். அவரிடம் பிறகு வருவம்.

வெயிலைச் சமாளிக்க இந்தப் பாலைவனச் சிலந்திகள் பெரிய வித்தை எதுவும் செய்வதில்லை. பகலில் மணலுக்குள் கிடந்து, இரவில் வேட்டைக்கு வெளிக்கிடும். வலை பின்னி இரைக்குக் காத்திருக்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் நூல் இல்லாமல் சீவியம் இல்லை. உலர்ந்த மணலில் கிடங்கு வெட்டினால் சரிந்துவிடும் அல்லவா? அதனால் தோண்டத் தோண்ட மணலை நூலால் ஒட்டிச் சுவர் எழுப்புகின்றன. உருளும் சிலந்தியின் பொந்து 40, 50 சென்ரிமீற்றர் நீளம் வரும்.

உண்மையான கரைச்சல் குளவிதான். எங்கட ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டுகிற குளவியும் சிலந்தி பிடிக்கும்தான், ஆனால் நமீப்பில் உள்ளது பொந்தையே கிண்டி உள்ளே போகும். கொட்டினால் சிலந்தி செத்துப்போகாது, அசையாமல் கிடக்கும். அதன்மேல் முட்டையிட்டால் குஞ்சுப்புழுவுக்கு உயிரோடு சாப்பாடு. பொந்து இன்னும் ஆழமாகாத நேரத்தில் அகப்பட்ட சிலந்தி, கால்களை மடக்கிப் பக்கவாட்டில் விழுந்து மணற்சரிவில் உருண்டு தப்புகிறது. செக்கனுக்கு 44 சுற்று வரை! சரிவு இல்லாவிட்டால் இந்த உபாயம் எடுபடாது.

மொரோக்கோவில் உள்ள இன்னொரு இனத்துக்குச் சரிவே தேவையில்லை. கால்களால் உந்திக் குட்டிக்கரணம் அடித்து, மேட்டிலும் ஏறும். ஓடுவதைவிட இரண்டு மடங்கு வேகம், செக்கனுக்கு ஏறக்குறைய 2 மீற்றர். ஜேர்மனியப் பேராசிரியர் இங்கோ ரெச்சென்பெர்க் கண்டுபிடித்தது. 2014இல் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

எனக்கு இதைவிட வியப்பு, நமீப்பின் 'வெள்ளைச் சீமாட்டி' என்ற இனத்தின் ஆண் சிலந்தி. பெண் தேடி இரவில் சில நூறு மீற்றர் வரைகூட அலைந்துவிட்டு, அந்த இருட்டிலேயே தன்னுடைய பொந்துக்குத் திரும்பி வருகிறது. கண்களை மறைத்துவிட்டுப் பார்த்தபோது அவற்றால் வீடு சேர முடியவில்லை. ஆக, அந்த மங்கல் வெளிச்சத்திலும் கண்ணால்தான் வழி பிடிக்கின்றன.

இனி உங்கட குசினிக்காரர். தட்டையான உடல், நண்டுபோலப் பக்கவாட்டில் விரிந்த கால்கள், கரப்பொத்தான் வேட்டை. சில வேளை வயிற்றோடு அணைத்தபடி வெள்ளை வட்டமாக ஒன்றைக் காவித் திரியும். அது முட்டைப் பை. கடித்தால் கொஞ்சம் நோகும், உயிராபத்து இல்லை. புலிமுகச் சிலந்தி என்று பயந்து தும்புத்தடியைத் தூக்காதீர்கள். அது வேறு குடும்பம்: தடித்த, மயிரடர்ந்த கால்கள், பெரும்பாலும் மரப்பொந்து வாசம், கடியும் கடுமை. அதை மட்டும் கையால் தொடாதீர்கள்.